தேயிலை லோரிக்குப் பின்னால் வந்த கார்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு பள்ளி விடுமுறை சமயத்தில், கேமரன் மலையில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். படிப்பு முடிந்த கையோடு வாடகைக் கார் கம்பெனி ஒன்றில் மேனேஜ்மென்ட் ட்ரெய்னியாக வேலை கிடைத்தது. பெயர்தான் பெரிசு. முதல் வருடம் முழுக்கக் காரைக் கழுவ வேண்டும், சீட்டுக்கு அடியில் கிடக்கும் குப்பையை அள்ள வேண்டும், டயரில் காற்று பார்க்க வேண்டும், கவுன்டரில் நின்று சிரிக்க வேண்டும். ஹோட்டல் ஹோட்டலாகப் போய்க் காரைக் கொடுத்துவிட்டு, கிடைத்த வண்டியைப் பிடித்துத் திரும்பி வர வேண்டும். இத்தனையும் தாண்டினால்தான் ஒரு கிளைக்கு மேனேஜர் ஆகலாம்.

என்னைக் கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தா கிளைக்கு அனுப்பினார்கள். வீட்டில் எல்லோரும், "கொடுத்து வெச்சவ, சம்பளத்தோட குளுகுளுன்னு இருக்கப் போற" என்று கேலி செய்தார்கள். அந்தக் குளிரில் காலை ஏழு மணிக்குக் குழாய்த் தண்ணீரில் கார் கழுவிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் குளுகுளுவின் அருமை தெரியும். விரல் மரத்துப் போய் சட்டைப் பட்டனைக்கூடப் போட வராது.

கிளை மேனேஜர் ஒரு மலாய்ப் பெண்மணி. நாங்கள் எல்லோரும் அவரைக் காக், அதாவது மலாயில் அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேச மாட்டார். அந்த மலையிலேயே இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறவர். நானோ எல்லாவற்றையும் மாற்றிவிடும் வேகத்தில் இருந்தேன். ட்ரெய்னி ஒவ்வொருவரும் வேலையில் ஏதாவது ஒரு முன்னேற்றம் செய்து காட்ட வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் விதி. நான் எடுத்துக்கொண்டது, வாடிக்கையாளரிடம் காரை ஒப்படைக்கும் நேரத்தைக் குறைப்பது. இருபது நிமிடம் பிடித்ததைப் பத்து நிமிடம் ஆக்கினேன். வளவளவென்று விளக்கிக்கொண்டிருந்ததை எல்லாம் ஒரே தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு, ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு டிக் அடிக்கிற மாதிரி செய்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டி மின்னஞ்சல் வந்தது. அதை அம்மாவுக்கும் அனுப்பினேன்.

காக் அந்தத் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். எதை வேண்டுமானாலும் சுருக்கு, கியர் விஷயத்தை மட்டும் சுருக்காதே. சமதரையில் ஓட்டிப் பழகியவர்கள் மலை இறங்கும்போது வழி முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள், பிரேக் சூடேறிவிட்டால் அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது, கியரைக் குறைத்து இறங்கச் சொல்லு, சொல்வது மட்டுமல்ல, தொட்டும் காட்டு என்றார். நான் தலையாட்டினேன். தாளில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

அன்றைக்குக் காலையில் கவுன்டரில் வாசல்வரை வரிசை. சிரம்பான் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், அப்பா, அம்மா, பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள், ஏழு பேர் உட்காரும் வெள்ளைக் கார் ஒன்றை எடுத்தார்கள். தமிழ் முகத்தைப் பார்த்ததில் அவர்களுக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. பெரிய பெண் காரில் பாட்டுக் கேட்க வேண்டும் என்றாள். அவள் அப்பாவின் போனைக் கார் ஸ்பீக்கரோடு இணைப்பதில் ஐந்து நிமிடம் போய்விட்டது. பின்னால் ஒரு வெள்ளைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மீதிக் கட்டங்களை எல்லாம் வரிசையாக டிக் அடித்துக் கையெழுத்து வாங்கிச் சாவியைக் கொடுத்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டிய இடத்தை என் போனிலிருந்து அவருக்கு அனுப்பினேன். கியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம், பிரிஞ்சாங் மலைச் சாலையில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து விருந்தினர் பங்களாவுக்கு ஒரு சின்னக் காரைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். வழக்கமாகப் பின்னாலேயே இன்னொருவர் வந்து என்னைக் கூட்டிப்போவார். அன்றைக்கு ஆள் இல்லை. காரைக் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். காலையில் பெய்த மழை விட்டு வெயில் வந்திருந்தது. அந்த மலைச் சரிவுகளைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும். சீவி வைத்த மாதிரி தேயிலை வரிசைகள் மடிப்பு மடிப்பாக இறங்கி, எங்கோ கீழே ஒரு புள்ளியாய்த் தொழிற்சாலைக் கூரை தெரியும். ஒரு நிமிடம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பறித்த தேயிலைக் கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றிய லோரி ஒன்று என் பக்கத்தில் வந்து நின்றது.

ஓட்டி வந்தது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். தலையில் தொப்பி, தடித்த ஜாக்கெட், காலில் ரப்பர் பூட்ஸ். "டவுனுக்கா? ஏறு, தொழிற்சாலை முக்குல விட்டுர்றேன்" என்றார். தோட்டத்திலேயே பிறந்தவர். முதலில் தோட்டத்துப் பாலர் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாராம். லோரிக்கு ஆள் கிடைக்காமல் தோட்டம் திண்டாடியபோது, நான் ஓட்டுகிறேன் என்று போய் லைசென்ஸ் எடுத்தாராம். இதை எல்லாம் நான் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னார். லோரி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே இறங்கியது. ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான் அந்தச் சாலை. இடது பக்கம் மண் சுவர், அதன் அடியில் மழைத் தண்ணீர் ஓடும் கான், வடிகால். வலது பக்கம் தேயிலைச் சரிவு, கீழே, கீழே போய்க்கொண்டே இருக்கும்.

நாலைந்து வளைவு இறங்கியிருப்போம். பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, பக்கத்துக் கண்ணாடியையே பார்த்தார். நானும் என் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். மேல் வளைவில் ஒரு வெள்ளைக் கார். ஹாரன் விடாமல் அலறிக்கொண்டு வந்தது. முன் சக்கரங்களிலிருந்து புகை.

"பிரேக் இல்லாம வருது" என்றார் லோரி ஓட்டிய அக்கா. பால் பொங்குகிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

அந்த எண் பலகையைக் காலையில் என் கையாலேயே துடைத்திருந்தேன்.

இரண்டு வளைவுக்குக் கீழே சாலையிலேயே வேலையாட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். அதற்கும் கீழே சுற்றுலா வேன்கள் வரிசையாக நிற்கிற இடம். எங்களுக்கு முன்னால், பத்து அடி தூரத்தில், சாலை கொஞ்சம் அகலமாகி லோரி ஒதுங்குகிற மாதிரி ஓர் இடம் இருந்தது. அங்கே ஒதுங்கிவிடுவார் என்று நினைத்தேன். ஒதுங்கினால் நாங்கள் தப்பித்தோம். ஒதுங்க வேண்டும் என்று என் மனசு கும்பிட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர் ஒதுங்கவில்லை. கியரை மூன்றுக்கு மாற்றி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். லோரி வேகம் பிடித்தது. பின்னால் ஒன்று துரத்திக்கொண்டு வரும்போது, இந்த இறக்கத்தில், நாங்களும் வேகமாகப் போகிறோம். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அக்கா, அக்கா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"யாராவது தெரிஞ்சவங்களா?" என்றார்.

நான் கொடுத்த கார் என்றேன். போன் நம்பர் இருக்கா என்று கேட்டார். இருந்தது. "அடி. லோரி பின்னாடி வந்து நேரா முட்டச் சொல்லு. ஒடிக்க வேணாம், நேரா."

அந்தத் தோட்டத்தில் பாதி இடங்களில் லைன் கிடைக்காது. அன்றைக்குக் கிடைத்தது. காரை ஓட்டி வந்தவரின் மனைவி எடுத்தார். எடுத்ததும் கேட்டது பிள்ளைகளின் அழுகைதான். கார் ஸ்பீக்கரில் என் குரல் எல்லோருக்கும் கேட்டிருக்க வேண்டும். நான் கார் ஆபீஸ் பெண், முன்னால் போகிற லோரியில்தான் இருக்கிறேன் என்றேன். ஹேன்ட் பிரேக்கும் பிடிக்கவில்லை என்று காரை ஓட்டியவர் கத்தினார். அப்போதுதான், காலையில் அவர் பக்கத்தில் நின்று, கியரைத் தொட்டுக் காட்டிச் சொல்லியிருக்க வேண்டியதை, ஓடுகிற லோரியிலிருந்து போனில் சொன்னேன்.

"டி-க்குக் கீழ எல் இருக்கு சார். அதுக்கு இழுங்க. இன்ஜின் சத்தம் போடும், பயப்படாதீங்க. லோரி பின்னாடி நேரா முட்டுங்க. நாங்க பிடிச்சுக்கிறோம்."

நாங்க என்றேன். பிடித்தது யார் என்பது எனக்குத்தான் தெரியும்.

கார் இன்ஜின் வீறிட்ட சத்தம் போனிலும் கேட்டது, வெளியிலும் கேட்டது. அடுத்த நொடி லோரி ஒரு குலுக்குக் குலுங்கியது. முட்டிவிட்டது. இடி மாதிரி இருக்கும் என்று கண்ணை இறுக்கி மூடியிருந்தேன். ஆனால் கூட்டத்தில் யாரோ முதுகில் தள்ளின மாதிரிதான் இருந்தது. கார் விலகியது. மறுபடியும் முட்டியது. மூன்றாவது தடவை முட்டி ஒட்டிக்கொண்டது. இப்போது அந்தக் காரின் பாரமும் சேர்ந்து லோரியைத் தள்ளியது. அக்கா ஒரு கையால் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி, மறு கையால் அந்தப் பெரிய ஸ்டீயரிங்கைச் சுற்றி முதல் வளைவைத் திருப்பினார். திருப்பும்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, கணக்குப் போடுகிற பிள்ளை மாதிரி, முன்னால் ஒரு பார்வை, கண்ணாடியில் ஒரு பார்வை. பயம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பயத்துக்கு அந்த முகத்தில் இடம் இல்லை.

கீழே வேலையாட்கள் ஹாரன் சத்தத்தில் நிமிர்ந்து பார்த்து, கூடையும் பையுமாகத் தேயிலைச் செடிகளுக்குள் தாவினார்கள். அக்கா மறுபடியும் இரண்டாவது கியருக்கு இறக்கினார். இன்ஜின் ஓலமிட்டது. பிரேக்கை ஒரேயடியாக மிதிக்காமல், மிதித்து விட்டு, மிதித்து விட்டு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுத்தார். ரப்பர் கருகும் நாற்றம் கேபினுக்குள் வந்தது. கடைசி வளைவுக்கு முப்பது அடி இருக்கும்போது, "பிடிச்சுக்கோ" என்றார். இடது பக்கச் சக்கரங்களைக் கானுக்குள் இறக்கினார்.

லோரி சாய்ந்தது. மண் சுவரை உரசிக்கொண்டே போனது. என் பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போயிற்று. ஜன்னல் வழியாக ஈர மண் மடியில் கொட்டியது. அப்புறம் எல்லாம் நின்றுவிட்டது. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு, கானில் ஓடுகிற தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியை என்னால் இன்றுவரை விவரிக்க முடிந்ததில்லை. மலையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

அக்கா பக்கமாக இறங்கிப் பின்னால் ஓடினேன். காரின் மூக்கு லோரியின் அடியில் செருகி நசுங்கியிருந்தது. உள்ளே நான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள். சின்னவளுக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. அவ்வளவுதான். அப்பாவின் விரல்கள் மட்டும் ஸ்டீயரிங்கை விடவே இல்லை. அவர் மனைவி ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். வேலையாட்கள் ஓடி வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். யாரோ காரின் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போக, அக்கா ஊற்றாதீர்கள், தானாக ஆறட்டும் என்று தடுத்தார்.

காரை ஓட்டி வந்தவர் அக்காவின் காலில் விழப் போனார். அக்கா பின்னால் நகர்ந்துகொண்டார். மூட்டைகள் கொஞ்சம் சரிந்து சாலையில் கிடந்தன. "கொழுந்து சூடாகிக் கெட்டுப் போயிரும், வேற லோரி வரச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்க ஆரம்பித்தார். நாங்களும் சேர்ந்து தூக்கினோம். இதென்ன மனுஷி, கல்லா என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து யாரோ தண்ணீர் போத்தலைக் கொடுத்தார்கள். வாய்க்குக் கொண்டுபோகிறார், கை நடுங்கி ஜாக்கெட் எல்லாம் தண்ணீர். அப்போதுதான் அவரும் என்னைப்போல ஒருத்தி என்று தெரிந்தது. அது தெரிந்த பிறகுதான் அவர் செய்த காரியம் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குக் கஷ்டமான பகுதி. அந்த அப்பா என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நீ மட்டும் போன் பண்ணிச் சொல்லவில்லை என்றால் நாங்கள் இல்லை அம்மா என்றார். அவர் கண்ணில் தண்ணீர். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. கட்டத்தில் டிக் இருக்கிறது, அதற்குக் கீழே அவர் கையெழுத்தும் இருக்கிறது. பக்கத்தில் அக்கா மூட்டை தூக்கிக்கொண்டிருக்காவிட்டால், ஒருவேளை பேசாமலேதான் இருந்திருப்பேன். "காலையிலேயே சொல்லியிருக்கணும் சார். சொல்லாமலே டிக் போட்டுட்டேன்" என்றேன்.

அவர் என் கையை விட்டார். அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாலையின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் அவர்களை ஹோட்டலுக்குக் கூட்டிப்போக வேன் பிடித்துக் கொடுத்தபோதுதான் அந்த அம்மா என்னிடம் பேசினார். ஒரே ஒரு வாக்கியம்.

"அடுத்து வர்றவங்ககிட்டயாவது சொல்லிருங்க."

திட்டியிருந்தால்கூட இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது.

தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வெளியாளைக் கம்பெனி லோரியில் ஏற்றக் கூடாது என்பது அங்கே கடுமையான விதி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் சாலையோரமாக நடந்து போய்க்கொண்டிருந்ததாகச் சொல்லிவிடட்டுமா என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். வேண்டாம் என்றார். ஏற்றியது ஏற்றியதுதான், அதற்கு என்ன வருகிறதோ வரட்டும் என்று தோட்ட மேனேஜரான துரையிடம் அவரே சொல்லிவிட்டார். துரை எழுந்து நின்று அவருக்குக் கை கொடுத்தார். விதியை மீறியதற்கு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார். இரண்டையும் ஒரே மாதிரிதான் வாங்கிக்கொண்டார் அக்கா.

நான் காக்கிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். நாங்கள் என்று எழுதாதே, நான் என்று எழுது என்றார் மலாயில். அப்படியே எழுதினேன். காரில் எந்தக் கோளாறும் இல்லை, பிரேக் சூடேறியதுதான் காரணம் என்று பட்டறையிலும் சொல்லிவிட்டார்கள். தலைமை அலுவலகம் என் பயிற்சியை ஆறு மாதம் நீட்டித்தது. என் பத்து நிமிடத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அந்த ஆறு மாதமும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, அவர் கையாலேயே கியரைப் போட வைத்துக் காட்டினேன். சலித்துக்கொண்டவர்கள் உண்டு. நான் விடவில்லை.

மலையை விட்டு மாற்றலாகிப் போவதற்கு முன்னால் ஒரு நாள் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். அதே லோரிதான். பின்பக்கத்தைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்திருந்தார்கள். எப்படி அக்கா, கார் முட்டினது அவ்வளவு மெதுவாக இருந்தது என்று கேட்டேன். "கைதவறி விழுற முட்டையப் பிடிக்கணும்னா என்ன செய்வ? கைய கீழ கொண்டு போயித்தானே பிடிக்கணும். அசையாம நின்னா உடைஞ்சிரும்" என்றார். அதற்காகத்தான் வேகம் பிடித்தாராம். இத்தனை மாதமாக என் மனசை அரித்துக்கொண்டிருந்ததையும் கேட்டுவிட்டேன். ஒதுங்கி வழி விட்டிருக்கலாமே, யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்களே என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். அதைப் பற்றி அதற்கு முன்னால் அவர் யோசித்ததே இல்லை போலிருந்தது.

"ஒதுங்கியிருக்கலாம்தான். அப்புறம் கீழ எறங்கிப் போயிப் பாக்கணுமே லா."

இப்போது நான் சமதரையில், வேறு ஊரில், ஒரு கிளைக்கு மேனேஜர். என் மேஜைக்கு வருகிற பிரச்சினைகளில் பலவும் என்னுடையவை அல்ல. பின்னால் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது ஓரமாக நின்று வழிவிடத்தான் இன்றைக்கும் என் மனசு முதலில் சொல்கிறது. அந்த அக்காவின் தைரியம் எனக்கு வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒதுங்குவதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணாடியில் பார்க்கிறேன், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று. பார்த்துவிட்டால் அப்புறம் ஒதுங்குவது அத்தனை சுலபமாக இருப்பதில்லை.